பழக்கழிவும் குரக்கனும்



பரந்தன் என்றதும் பலருக்கும் நெல்வயலே நினைவுக்கு வரும். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களும், காலபோகத்திலே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாய்க் கிடந்து மாசியிலே பொன்னாய் மாறும் நிலமும், நெல்லாராய்ச்சி நிலையமும் இவ்வூருக்குப் பெயர் தந்தவை. சற்று மூத்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய இரசாயனத் தொழிற்சாலை, போர்க்காலத்திலே நின்றுபோகும்வரை இங்கேதான் இயங்கியது. நெல்லுக்கும் இரசாயனத்துக்கும் பேர்போன இவ்வூரிலிருந்து, நெல்லல்லாத ஒரு தானியத்தைப் பற்றியும் தொழிற்சாலையில் ஆக்கப்படாத ஒரு பசளையைப் பற்றியும் பேச வந்துள்ளேன். தானியம் குரக்கன். பசளை, நாம் நாள்தோறும் வேலியோரத்தில் எறிகின்ற பழத்தோலும் பழக்கழிவும்.

இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. அதனை விளங்கிக்கொள்வதற்கு முதலிலே தானியத்தைப் பார்ப்போம்.

தானியங்களைப் பழந்தமிழர் கூலம் என்றனர். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் கூலவாணிகர் என்று பெயர் பெற்றது அதனாலேதான். நெல், குரக்கன், சாமை, தினை, வரகு, சோளம் என நாம் உண்ணும் தானியங்கள் யாவும் புல்லினத்தைச் சேர்ந்தவை. மாடு மேயும் அறுகும் மனிதன் உண்ணும் நெல்லும் ஒரே குடும்பத்தன என்று வகுப்பிலே சொல்லும்போது பிள்ளைகள் வியப்பார்கள். ஆயினும் அக்குடும்பத்துள்ளே குணபேதங்கள் பல. நெல் நீரை விரும்பும், நிரம்ப உண்ணும், நிரம்பத் தரும். குரக்கன் மேட்டு நிலத்தை விரும்பும். வேரில் நீர் தேங்கினாற் பொறுக்காது. சிறிதளவு உணவு கொண்டு தன் அளவுக்கு விளையும். கிழக்காபிரிக்காவின் மேட்டு நிலங்களிலே தோன்றிப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்தியாவுக்கு வந்து பரவிய பயிர் அது. வன்னியின் சேனைகளிலே அது தலைமுறை தலைமுறையாக விளைந்தது. தமிழ்நாட்டார் அதனைக் கேழ்வரகு என்பர்.

ஊட்டத்திலே இச்சிறுதானியம் சிறியதன்று. நூறு கிராம் குரக்கனிலே ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே நிறையுள்ள தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே உண்டு. பசுப்பாலிற்கூட ஏறத்தாழ 120 மில்லிகிராமே. குரக்கனிலுள்ள கல்சியம் முழுவதையும் நம் உடல் ஏற்றுக்கொள்வதில்லை என்பது உண்மையே. எனினும் எலும்பும் பல்லும் வளர்கின்ற பருவத்துப் பிள்ளைகளுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும், மூப்படைந்தோருக்கும் இத்துணை மலிவாகக் கல்சியம் தரவல்ல தானியம் வேறில்லை. நார்ச்சத்து அரிசியிலும் பன்மடங்கு. மேலும், நன்றாகக் காயவைத்துச் சேமித்தால் வண்டு எளிதில் அரிக்காது பல ஆண்டுகள் இருக்கும். பஞ்சகாலத்துக்கென்று முன்னோர் இதனைச் சேமித்து வைத்ததன் காரணம் அதுவே. 2023 ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதும் இத்தகைய குணங்களை உலகம் மறந்துவிடலாகாது என்பதற்காகவே.

இனிப் பசளைக்கு வருவோம். பசளையின் அருமை வன்னி மக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதொன்றன்று. நம் வாழ்நாளிலே இருமுறை இந்நிலம் யூரியா இன்றித் தவித்தது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குக் கொண்டுவரக்கூடாத பொருள்களுள் யூரியாவும் ஒன்றாயிருந்தது. பின்னர் 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியிலே, நாடு முழுவதும் இனிச் சேதனப் பசளையே என்று அரசு அறிவித்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. ஆனால் பயிருக்கு நேரந்தப்பிய உணவு உணவாகாது. 2021/22 காலபோகத்து நெல்விளைவு, முந்திய காலபோகத்து விளைவிலும் மூன்றிலொரு பங்குக்கு மேலாகக் குறைந்துபோயிற்று. தடை நீங்கிய பின்னும் யூரியா மூடையின் விலை முன்னையதிலும் பல மடங்காக நின்றது. அக்காலத்திலே வெளிறி நின்ற வயல்களைக் கண்டவர்கள் அக்காட்சியை மறக்கமாட்டார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து இருவேறு முடிவுகளுக்குப் பலர் வந்தனர். சேதனப் பசளை என்பதே வெறும் ஏமாற்று என்றார் சிலர். சரியாகச் செய்திருந்தால் நெல்லும் அதனாலேயே விளைந்திருக்கும் என்றார் வேறு சிலர். இரண்டையும் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. ஆரம்ப வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கே இது.

ஓர் ஏக்கர் வயலிலே இரண்டு தொன் நெல் விளைகின்றது என்று கொள்வோம். அவ்விளைவுக்கு நெல்லும் வைக்கோலுமாகப் பயிர் நிலத்திலிருந்து எடுக்கும் நைதரசன் 30 முதல் 40 கிலோ வரையாகும். அதிற் பாதியை மண்ணே கொடுத்துவிட்டது எனினும் மீதி 15 கிலோவுக்கு மேல் நாம் கொடுக்கவேண்டும். நல்ல கூட்டெரு ஒரு தொன்னிலே ஏறத்தாழ 10 கிலோ நைதரசன் உண்டு. ஆனால் அது முழுவதும் உடனே பயிருக்குக் கிடைப்பதில்லை. முதற்போகத்திலே ஐந்திலொரு பங்கு, அதாவது இரண்டு கிலோவளவே கிடைக்கும். எஞ்சியது ஆண்டுகள் தோறும் மெல்ல மெல்ல வெளிவரும். ஆகவே ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏழெட்டுத் தொன் கூட்டெரு வேண்டும். நாடு முழுவதிலுமுள்ள வயல்களுக்கு ஒரே போகத்தில் இதனை எங்கே போய் எடுப்பது? காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பசளையாக்கும் கலையை ஜேர்மானியர் 1913 ஆம் ஆண்டிலே தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தனர். இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு அக்கலையின் துணையால் விளைகின்றது என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். அதனை ஒரு நாளிலே தள்ளிவைக்க இயலாது.

ஆனால் அதே கணக்கைக் குரக்கனுக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு வளவிலே கால் ஏக்கர், அதாவது நான்கு பரப்பு மேட்டு நிலம் இருக்கின்றது. அதிலே 100 முதல் 150 கிலோ வரை குரக்கன் எடுக்கலாம். அதற்கு வேண்டிய நைதரசன் தாளும் கதிருமாக மூன்று நான்கு கிலோவே. பாதியை மண் கொடுத்தால், மீதியைக் கொடுக்க ஒரு தொன் கூட்டெரு போதும். ஏழெட்டுத் தொன் எங்கே, ஒரு தொன் எங்கே! முன்னது ஒரு கமக்காரரால் இயலாதது. பின்னது ஒரு குடும்பத்தால், அல்லது அயலவர் நாலைந்து பேர் கூடினால், இயலக்கூடியது.

இன்று நான் சொல்ல வந்தது இதுவே. பழக்கழிவாலான எரு நெல்வயலைக் காப்பாற்றாது. ஆனால் வளவுக் குரக்கனை அது நிச்சயமாகக் காப்பாற்றும். சிற்றெருவுக்குச் சிறுதானியம் என்று பொருத்தமறிந்து சேர்த்தால் இரண்டும் பயன்படும். பொருத்தம் தவறினால் எருவும் வீண், எருவின் பெயரும் கெட்டுப்போகும்.

அப்படியானாற் பழக்கழிவை அப்படியே கொண்டுபோய் நிலத்திற் கொட்டிவிடலாமா? கொட்டலாகாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்கா நாட்டிலே உண்டு. 1990களின் பிற்பகுதியில், அங்கே தோடம்பழச் சாறு பிழியும் தெல் ஓரோ என்ற நிறுவனம், குவானக்காஸ்தே வனப்பாதுகாப்புப் பகுதியிலே, மேய்ச்சலால் வளங்குன்றிய ஏறத்தாழ ஏழு ஏக்கர் நிலத்தில் 12,000 தொன் தோடந்தோலைக் கொட்டியது. காட்டுயிர் ஆய்வாளர்களான தானியேல் ஜான்சன், வினிபிரெட் ஹல்வாக்ஸ் ஆகிய தம்பதியரின் யோசனை அது. போட்டி நிறுவனமொன்று நீதிமன்றம் சென்றமையால் முயற்சி இடையிலே நின்றது. பதினாறு ஆண்டுகளின் பின்னர் ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது, அந்நிலத்திலே காடு மண்டிக் கிடந்தது. தோல் கொட்டாத பக்கத்து நிலத்தோடு ஒப்பிட, நிலத்துக்கு மேலுள்ள மரஞ்செடிகளின் திணிவு 176 சதவீதம் மிகுந்திருந்ததென 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது.

பழத்தோலுக்கு இத்துணை ஆற்றல் உண்டு என்பது இதனால் விளங்கும். ஆயினும் அந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. அந்த மேய்ச்சல் நிலத்திலே அடர்ந்து கிடந்து மரக்கன்றுகளை முளைக்கவிடாது தடுத்தது, ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு புல். தோற்குவியலின் கீழ் அகப்பட்டு அப்புல் மூச்சடைத்து மடிந்தது. மரத்துக்கு வழி திறந்தது அதன் பின்னரே. ஆக, பச்சைத்தோல் முதலிற் செய்த வேலை புல்லைக் கொன்றமை. நாம் வளர்க்க நினைப்பதோ புல்லினப் பயிர். அவர்கள் பதினாறு ஆண்டு காத்திருந்தார்கள். நாம் வரும் தை மாதத்திற் கதிர் கொய்ய விரும்புகின்றோம்.

பச்சைக் கழிவு ஏன் பயிரைக் கெடுக்கின்றது? பழத்திலே நீரும் இனிப்பும் மிகுதி, நைதரசன் குறைவு. நிலத்திலுள்ள நுண்ணுயிர்கள் இனிப்பைக் கண்டதும் பெருகுகின்றன. பெருகுவதற்கு அவற்றுக்கும் நைதரசன் வேண்டும். அதனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பயிரின் வேருக்குரிய சோற்றை அவை முந்தி உண்டுவிடுகின்றன. பயிர் மஞ்சளித்துப் போகின்றது. அதனோடு புளிப்பும், துர்நாற்றமும், பழ ஈயும் வந்து சேர்கின்றன. பழ ஈ பெருகினால் மாம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் கேடு. பன்றி உலாவும் இடங்களிலே, பழவாசனை அவற்றை வளவுக்குள்ளே அழைத்துவரும். ஆகவே பழக்கழிவு நிலத்துக்குப் போகுமுன் மக்கிக் கூட்டெருவாக வேண்டும்.

கூட்டெரு புதிய கண்டுபிடிப்பன்று. வீட்டின் பின்புறத்து எருக்கிடங்கு நம் ஊர்களில் என்றும் இருந்தது. பூவரசங்குழையையும் வேப்பங்குழையையும் தோட்டத்திலே தாழ்த்துவது யாழ்ப்பாணத்தார் வழக்கம். உழுவதிலும் எருவிடுதல் நன்று என்னும் கருத்தை வள்ளுவர் உழவதிகாரத்திலே வைத்தார். இம்மரபறிவை முறைப்படுத்தியவர் ஆல்பேட் ஹவாட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர். மத்திய இந்தியாவின் இந்தூரிலே 1924 முதல் 1931 வரை இருந்த காலத்தில், இந்தியக் குடியானவர்களின் வழக்கங்களைக் கண்டு கற்று, குப்பையும் சாணமும் மாறிமாறி அடுக்கிக் காற்றும் ஈரமும் கொடுத்து எருவாக்கும் முறையை அவர் வகுத்தார். இந்தூர் முறை என்று அது உலகமெங்கும் பெயர் பெற்றது.

அம்முறையை நம் வளவுக்கேற்பச் சொல்லுகின்றேன். மழைநீர் தேங்காத, நிழலுள்ள இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் குறித்து, அடியிலே சுள்ளிகளைப் பரப்புங்கள். காற்று புகுவதற்கு அது வழி. அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் அல்லது காய்ந்த சருகு. அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்கு, சிறு துண்டுகளாக வெட்டிய பழக்கழிவு. அதன்மேல் அதேயளவு பச்சைக்குழை. கிளிசெரியாக் குழை கிடைத்தால் அதனிலும் சிறந்தது வேறில்லை. பழத்திலே குறைவாயுள்ள நைதரசனை அது நிரப்பும். அதன்மேல் சாணக் கரைசலைத் தெளித்து, ஒரு பிடி தோட்டத்து மண்ணைத் தூவுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிரே இங்கு வேலையாள். இவ்வாறு படைபடையாக நான்கடி உயரம்வரை அடுக்கி, மேலே வைக்கோலோ கிடுகோ கொண்டு மூடிவிடுங்கள். பழக்கழிவு எங்கும் வெளியே தெரியலாகாது. தெரியாவிட்டால் ஈயும் வராது, நாற்றமும் எழாது.

மூன்று நான்கு நாளிற் குவியல் சூடேறும். நடுவிலே ஓர் இரும்புக் கம்பியைக் குத்திவைத்துச் சிறிதுநேரத்தின் பின் எடுத்துத் தொட்டால், கையிலே பிடிக்க இயலாதபடி சுடவேண்டும். 55 முதல் 65 பாகை செல்சியசுவரை அச்சூடு செல்லும். புழுவையும், களைவிதையையும், பல நோய்க்கிருமிகளையும் அது அழித்துவிடும். சூடேறாவிட்டால் ஒன்றில் ஈரம் போதாது, அல்லது பச்சைக்குழையும் சாணமும் போதா. நாற்றமெடுத்தால் ஈரம் மிகுதி, காற்று போதாது. சருகைக் கூட்டிப் புரட்டிவிடவேண்டும். கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மாத்திரம் கசிவதே சரியான ஈரம். மூன்று வாரத்துக்கொருமுறை வெளிப்புறம் உட்புறமாகும்படி புரட்டினால், மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுத்துப் பொலபொலத்த எரு கிடைக்கும். நான் சொன்ன அளவுள்ள குவியல் முதிர்ந்தடங்கியபின் ஏறத்தாழ ஒரு தொன்னாகும். நான்கு பரப்புக் குரக்கனுக்கு வேண்டியது அதுவே.

இதிலே பழக்கழிவின் பங்கு என்ன? பழத்திலே பெரும்பகுதி நீரானபடியால் அது தனியே மக்கினால் மிகவும் சுருங்கிப்போகும். ஆயிரங்கிலோ இருநூறு கிலோவுக்கும் குறைவாகிவிடும். ஆகவே எருவின் உடல் வைக்கோலும் சருகும் சாணமுமே. பழக்கழிவு அவற்றோடு சேரும்போது இருவகையாற் பயன் தருகின்றது. ஒன்று, கோடையிலே காய்ந்து கிடக்கும் சருகுக்கு ஈரத்தையும், நுண்ணுயிருக்கு இனிப்பையும் கொடுத்து மக்குதலை விரைவுபடுத்துகின்றது. மற்றது, பொற்றாசியத்தைக் கொடுக்கின்றது. வாழைப்பழத்தோலிலே பொற்றாசியம் மிகுதி என்பதைப் பலரும் அறிவர். பயிரின் தாளை உறுதியாக்கி, வறட்சியைத் தாங்கச் செய்வது அச்சத்து. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டி, தை பிறந்ததும் வானம் வறள்கின்ற வன்னி நிலத்துக்கு அது மிகவும் வேண்டுவதொன்று.

காலக்கணக்கும் இதற்கு ஒத்தே நிற்கின்றது. நம் பகுதியிலே பழம் மலிவது வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில். மாவும் பலாவும் அப்போதுதான் பழுக்கின்றன. முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்துப் பலாப்பழங்கள் சந்தைக்கு வருகின்றன. பாலைப்பழம் வீதியோரங்களிலே விற்பனைக்கு வருகின்றது. வற்றாப்பளையிலே வைகாசிப் பொங்கல். அதனைத் தொடர்ந்து பல கோயில்களிலே திருவிழாக்கள். எங்கும் வாழைக்குலைகளும் வாழைமரங்களும். ஒரு பலாப்பழத்தின் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது தோலும் சடையும் நடுத்தண்டுமே. ஆனி ஆடியிலே இவற்றைச் சேர்த்துக் குவியலிட்டால், புரட்டாதி முடிவிலே எரு ஆயத்தம். அப்போதுதான் குரக்கன் விதைக்கும் காலமும் வருகின்றது. பழம் முடிகின்ற மாதத்துக்கும் விதை தொடங்குகின்ற மாதத்துக்கும் இடையே, எரு முதிர்வதற்கு வேண்டிய மூன்று மாதத்தையும் இயற்கையே விட்டுவைத்திருக்கின்றது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டும். மாடும் ஆடும் தின்னக்கூடிய பழுதுபடாத தோலை முதலில் அவற்றுக்கே கொடுங்கள். அது பாலும் சாணமுமாகத் திரும்பி வரும். பலாக்கொட்டையைக் கறிக்கு எடுங்கள், பனங்கொட்டையைக் கிழங்குக்குப் பாத்தியிடுங்கள், அவை கழிவல்ல. பழ ஈ குத்திப் புழுத்து விழுந்த பழங்களை நிலத்திலே கிடக்கவிடாது அன்றன்றே பொறுக்குங்கள். குவியலின் நடுவிலே, சூடு மிகுந்த இடத்திலே, அவற்றை வைக்கவேண்டும். அதற்கு வசதியில்லையேல் இரண்டடி ஆழத்திற் புதைத்துவிடவேண்டும். பொலித்தீன் பை, பழத்தில் ஒட்டிய சிறு முத்திரைத்தாள், நைலோன் கயிறு ஆகிய எதனையும் குவியலிற் சேரவிடாதீர்கள். அவை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மக்கமாட்டா.

எரு ஆயத்தமான பின்னர்ச் செய்யவேண்டியவை சிலவே. நிலத்தை உழுது, எருவைப் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். விதையை வீசுவதிலும், நாற்றுமேடையிலே வளர்த்து மூன்று வாரத்து நாற்றாகப் பிடுங்கி, வரிசைக்கு வரிசை ஒரு சாண் இடைவிட்டு நடுதல் நன்று. களையெடுப்பு எளிதாகும், கிளையும் நிரம்ப வெடிக்கும். மகா இலுப்பள்ளத்து வயற்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட திருந்திய இனங்களும் உண்டு. விதையைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிறல் தெரிந்தாற் சிறிதளவு யூரியா இடுவதிலே தவறில்லை. எரு இட்ட நிலத்திலே அச்சிறிதளவும் நன்கு பயன்படும். யூரியாவைப் பகையாக நினைக்கவேண்டியதில்லை. அதன் விலை ஏறும்போது நம் அடுப்பு அணையாதிருக்க வழி செய்துகொள்வதே அறிவு. மூன்று நான்கு மாதத்திலே கதிர் முற்றும். எல்லாக் கதிரும் ஒருசேர முற்றாது. முற்றியதைப் பார்த்துப் பார்த்துக் கொய்யவேண்டும். வீட்டார் செய்யக்கூடிய வேலையாதலின் கூலியும் மிச்சம்.

ஒரு வீட்டுப் பழக்கழிவு இவ்வளவுக்கும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. நாலைந்து வீடுகளும் ஒரு பழக்கடையும் சேர்ந்தாற் போதும். பரந்தன் சந்தியிலே கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் கூடுகின்றன. அத்தகைய சந்திகளிலும் கிளிநொச்சி போன்ற சந்தைகளிலும் மாலையில் எஞ்சும் அழுகிய பழம் எங்கே போகின்றது? பெரும்பாலும் ஏனைய குப்பையோடு கலந்து குப்பைமேட்டுக்கே போகின்றது. நம் நாட்டின் நகரக்குப்பையிலே பாதிக்கு மேற்பட்டது மக்கக்கூடிய பொருளே. கலந்து குவித்தால் அது என்ன செய்யும் என்பதை 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 இல், சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்பு மீதொட்டமுல்லையிற் கண்டோம். குப்பைமலை சரிந்து, வீடுகள் புதையுண்டு, முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம்மூர்க் குப்பைமேடு அத்துணை பெரிதன்று. பெரிதாகுமுன்னே பிரித்தெடுக்கத் தொடங்கவேண்டும். வியாபாரிகள் பழக்கழிவைத் தனி வாளியிலே இடுவதும், பிரதேச சபைகள் அதனைத் தனியே எடுத்துக் கேட்கும் கமக்காரருக்குக் கொடுப்பதும் பெருஞ்செலவுள்ள காரியங்களல்ல. பாடசாலைகளும் இதிற் பங்கெடுக்கலாம். இடைவேளையிலே பிள்ளைகள் உண்ணும் வாழைப்பழத்தின் தோல் ஒரு தவணையிலே எவ்வளவு சேருகின்றது என்பதை நிறுத்துப் பார்த்தாலே அது நல்லதொரு கணிதபாடமாகும். குவியலின் சூட்டை அளந்தால் விஞ்ஞானபாடமாகும்.

இறுதியாக ஒரு மனத்தடையைப் பற்றிச் சொல்லவேண்டும். குரக்கன் வறியோர் உணவு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. விருந்தினர் வந்தால் வெள்ளைச்சோறு. ஒருவரும் இல்லாத வேளையிலே குரக்கன் பிட்டு. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தை அது நினைவூட்டுகின்றது என்று சொல்லும் தாய்மாரும் உளர். அவர்களைக் குறைகூற இயலாது. ஆனால் இன்று நகரத்துக் கடைகளிலே அழகிய பொதிகளிற் குரக்கன்மா விற்கப்படுவதையும், நீரிழிவு நோயாளருக்கு மருத்துவர்கள் முழுத்தானியத்தை விதந்துரைப்பதையும் காண்கின்றோம். கிராமத்தார் கைவிட்டதை நகரத்தார் விலைகொடுத்து வாங்குகின்றனர். நம் பிள்ளையோ காலையிலே ஒரு துண்டு வெள்ளைப் பாணோடு பாடசாலைக்கு வருகின்றது. பத்துமணிக்கு முன்னரே களைத்துப்போகும் பிள்ளையின் முன்னிலையில் எந்த ஆசிரியரின் திறமையும் பயன்படாது.

குரக்கனை ஓரிரவு ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, இளவறுவலாக வறுத்து மாவாக்குங்கள். முளைகட்டினால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்த மாவிலே பிட்டவித்தோ, கஞ்சி காய்ச்சியோ, தேங்காய்ப்பூவும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் கொடுங்கள். அதனோடு ஒரு கொய்யாப்பழத்தையோ பப்பாசித் துண்டையோ சேர்த்துக் கொடுத்தால், பழத்திலுள்ள உயிர்ச்சத்து இரும்பு உடலிற் சேர்வதற்குத் துணைசெய்யும். பழத்துக்கும் குரக்கனுக்கும் உள்ள உறவு இங்கேயும் தொடர்கின்றது. பழத்தின் சதை குரக்கனோடு சேர்ந்து பிள்ளையின் உடலுக்குப் போகட்டும். தோல் எருவாகி அடுத்த குரக்கனின் வேருக்குப் போகட்டும்.

நான்கு பரப்புக் குரக்கன் ஒரு குடும்பத்தைச் செல்வமாக்கிவிடாது. ஆனால் நூறு கிலோ குரக்கன் வீட்டிலிருந்தால், நாளொன்றுக்கு அரைக்கிலோ வீதம் இருநூறு நாளைக்குக் காலையுணவு உண்டு. கப்பல் வந்தாலும் வராவிட்டாலும், பசளை விலை ஏறினாலும் இறங்கினாலும், அவ்வுணவு உண்டு. அடுத்த வைகாசியிலே மாம்பழம் வெட்டும்போது, தோலை வேலிக்கு அப்பால் எறியாது ஓர் ஓரமாகச் சேர்த்து வையுங்கள். மிகுதியை மண்ணும் மழையும் பார்த்துக்கொள்ளும்.